மாமா என்று கூப்பிட்டவன்

பள்ளிக்கூடக் கவுன்சலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. தாராவிப் பக்கம் ஒரு கதவில் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டினால், முதல் மாதம் முழுக்கச் சாக்கடை அடைப்புக்கும் குழாயில் தண்ணீர் வராததற்கும்தான் ஆட்கள் வருவார்கள். வார்டு கவுன்சிலராக ஒரு தமிழ்ப் பெண்மணி வந்துவிட்டார் என்று நம்பி எனக்கு ஒருவர் மாலைகூடக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். பணி ஓய்வு பெற்ற அன்று நிர்வாகம் போட்டதைவிட அது நல்ல மாலை.

நான் வேலை பார்த்தது சயனுக்கும் தாராவிக்கும் நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். வீடு மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிளில் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் பிடித்துப் போய், அடுத்தவர் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அவர்களுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவேன். இப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

ஊரடங்குக் காலத்தில் நாம் பெற்றோரைக் கெஞ்சினோம். பிள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள், வகுப்பே அதில்தான் என்றோம். பாவம், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்ததும் அதே நாம் மேடையேறி, பிள்ளை கையில் போனா, என்ன பெற்றோர் நீங்கள் என்று கேட்டோம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது நமக்குப் புதிதா என்ன.

இந்த மேடைப் பேச்சுக்கு 'இணையப் பாதுகாப்பு முகாம்' என்று பெயர். முதல் ஸ்லைடில் ஒரு பூட்டுப் படம் இருக்கும். கடைசி ஸ்லைடிலும் ஒரு பூட்டுப் படம் இருக்கும். நடுவில் வருவதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பெற்றோர் எல்லோரும் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் மாட்டுங்கா பெற்றோர் எழுந்து, இதற்கு எந்த ஆப் நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். தாராவிப் பெற்றோர் பிள்ளையின் உடைந்த போனைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, நேற்றே உடைத்துவிட்டோம், இனிமேல் பயமில்லையே என்று கேட்பார்கள். இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான். பிள்ளையோடு பேசாமல் இதை முடிக்க வழி உண்டா?

திலக் நகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆபீஸில் பெரிய பொறுப்பு. எட்டாம் வகுப்புப் பையனைச் சோதிப்பதற்காக, தானே 'பிங்கி' என்ற பெயரில் ஒரு போலிக் கணக்கு தொடங்கி, அவனுக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறார். 'உன் வீடு எங்கே, சந்திக்கலாமா' என்றெல்லாம் கேட்டிருக்கிறார். பையன் பிங்கியை பிளாக் செய்து, சந்தேகமான ஆள் என்று புகாரும் கொடுத்துவிட்டான். கணக்கு போய்விட்டது. இதில் என்னிடம் என்ன பிரச்சினை என்று கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே மேடம். ஒரு பொண்ணு இப்படிக் கேட்டான்னு அம்மாகிட்ட வந்து சொல்ல வேண்டாமா?" என்று கண் கலங்கினார். அந்த வீட்டில் இணையத்தில் திரிந்த ஒரே ஆபத்தான ஆசாமி அவர்தான் என்பதை நயமாகச் சொல்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இருந்தாலும் அந்த அம்மா கடைசியில் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஏன் சொல்லவில்லை? நம் தொழிலில் கேட்கத் தகுந்தது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் பூட்டுப் படம் பார்த்துக்கொள்ளும்.

இதை எனக்கு மறக்க முடியாதபடி கற்றுக் கொடுத்தது ஸ்வேதா என்ற ஒரு பெண். பத்தாம் வகுப்பு. கணக்கில் கெட்டி, மராத்தியில் அதைவிடக் கெட்டி. அப்பா முருகேசன் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நம் முகாமுக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, முதல் கேள்வி கேட்ட தகப்பன் அவர்தான். எந்த ஆப் நல்லது என்றும் கேட்கவில்லை, போனையும் உடைக்கவில்லை. "பிள்ளைங்க நம்ம பேச்சக் கேக்குததுக்கு என்ன வழி டீச்சர்?" என்று கேட்டார். மகாபுருஷர் கேள்வி. கவுன்சலர் என்ற சொல் அவர் வாயில் கடைசிவரை வரவில்லை. டீச்சர்தான்.

பொதுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது ஒரு திங்கட்கிழமை அவர் ஸ்வேதாவின் எல்.சி.யை வாங்க வந்தார். பள்ளி விட்டுப் போகும்போது கொடுக்கும் சான்றிதழைத்தான் மும்பையில் எல்.சி. என்பார்கள். கூடவே மச்சினன் செல்லப்பா, அதாவது ஸ்வேதாவின் தாய்மாமன். பின்னால் ஸ்வேதா, புத்தகப்பை இல்லாமல். ஆபீஸில் இருந்த கிளார்க், பொதுத் தேர்வு நேரத்தில் எல்.சி. கேட்கும் விபரீதத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாமல் மூவரையும் என் அறைக்கு அனுப்பிவைத்தார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாததை அனுப்பிவைப்பதற்குத்தான் பள்ளிக்கூடங்கள் கவுன்சலர் வைத்திருக்கின்றன.

"டீச்சர், எல்.சி.ல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. வெள்ளிக்கிழம தாதர்ல இருந்து வண்டி. இவளுக்கும் இவ மாமாவுக்கும் டிக்கெட் போட்டாச்சு. ஊர்ல இவ அத்த வீட்ல இருக்கட்டும்" என்றார் முருகேசன், நின்றபடியே.

"முதல்ல உக்காருங்கோ" என்றேன்.

"உக்காரதுக்கு வரல டீச்சர்."

என் மேலதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். முப்பது வருஷ சர்வீஸில் அவர் சொன்ன ஒரே உருப்படியான விஷயம்: அறையில் யார் அதிகம் கத்துகிறாரோ, அவருக்குத்தான் அந்த அறையில் அதிக பயம். மற்றதெல்லாம் விடுப்பு விண்ணப்பம் பற்றியே சொன்னார். முருகேசன் கத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். முந்தைய வாரம் ஸ்வேதாவின் போனுக்கு யாரோ ஒருவன் செய்தி அனுப்பியிருக்கிறான். அவள் முகத்தை வைத்துத் தனியாக இன்னொரு போலிக் கணக்கும் தொடங்கியிருந்தான். உன் அப்பாவின் பட்டறை எங்கே என்று தெரியும், வீடு தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், வீடியோ காலில் வா, வராவிட்டால் உன் பெயரில் கண்டதையும் போட்டு உன்னையும் உன் அப்பாவையும் தெருவில் தலைகாட்ட முடியாமல் செய்வேன் என்று எழுதியிருந்தான். ஸ்வேதா பதில் போடவில்லை. அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா மச்சினனிடம் சொன்னார். மச்சினன் டிக்கெட் போட்டான்.

கவனியுங்கள். அந்தப் பெண் செய்ததைத்தான் நாம் நாற்பது ஸ்லைடு போட்டுச் சொல்கிறோம். பதில் போடாதே, அழிக்காதே, வீட்டில் பெரியவர்களிடம் சொல். மூன்றையும் செய்தாள். பரிசாகத் திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது.

"நான் ஒண்ணும் கண்டுக்கிடாத தகப்பன் இல்ல டீச்சர்" என்றார் முருகேசன். "போனுக்கு லாக் போட்டுருக்கேன். பாஸ்வேர்டு எங்கிட்டதான் இருக்கு. ஒம்போது மணிக்கு மேல நெட்டே கிடையாது. டெய்லி வாங்கிப் பாக்கேன். இதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்யணும்னு சொல்லுதிய? இவ்வளவும் செஞ்சும் எவன்கிட்டயோ வீட்டு அட்ரஸ் வரைக்கும் குடுத்துருக்காள்னா, தப்பு யாருட்ட இருக்கு?"

"நான் குடுக்கலப்பா" என்றாள் ஸ்வேதா. அன்று அவள் முதலில் பேசியது அது.

"பின்ன அவனுக்கு ஜோசியமா தெரியும்?"

செல்லப்பா நியாயமான மனிதன். உடனடித் தீர்வுகளில் நம்பிக்கை உள்ளவன். "மச்சான், பேச்சே வேண்டாம். இப்பவே போனப் போட்டு உடைச்சிருவோம், லஃப்டா காலி, தொல்ல விட்டுது" என்றான். சற்று யோசித்து, "இல்லன்னா நம்பரக் குடுங்க. நான் போன் போட்டு ஹிந்தில நாலு கேள்வி கேட்டேன்னா பயலுக்கு மூச்சு நின்னு போவும்" என்றான். போனை உடைத்தால் சாட்சி போயிற்று. திட்டினால் அவனுக்குப் பேச்சுத் துணை கிடைத்த மாதிரி. இரண்டும் வேண்டாம் என்று சொல்லி, போனை என் மேஜைமேல் வைக்கச் சொன்னேன். இப்படிப்பட்ட அறைகளில் நீங்கள் உட்காரும்போது, எதை அழிக்கலாம் என்று ஒருவர் துடிப்பார், யாரை அடிக்கலாம் என்று ஒருவர் துடிப்பார். அந்த நேரத்தில் உங்களுக்குக் கொடுக்கும் சம்பளம் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக. அதைச் சரியாகச் செய்யுங்கள்.

நான் செய்திகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதி ஹிந்தி, பாதி ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொன்றும் ஒரு பெயரில் தொடங்கியது. 'ஹலோ இசக்கியம்மா.' 'பதில் போடு இசக்கியம்மா.'

"இது யாரு இசக்கியம்மா?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. பதிவேட்டில் அவள் ஸ்வேதா. ஆள் மாறி வந்த செய்தியாக இருக்கக் கூடாதா என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

ஸ்வேதா தரையைப் பார்த்தாள். மிரட்டலைப் பற்றிப் பேசும்போது வராத வெட்கம் இப்போது வந்தது. "நான்தான் மேடம். வீட்ல கூப்புடுற பேரு."

"குலதெய்வம் பேரு டீச்சர்" என்றார் முருகேசன், விறைப்பாக. "எங்க குடும்பத்துல மூத்த பொம்பளப்பிள்ளைக்கு அந்தப் பேருதான். ஸ்கூலுக்குத்தான் ஸ்வேதா."

"ஸ்கூல்ல யாருக்காவது இந்தப் பேரு தெரியுமா?"

"கசம் சே, சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது மேடம். தெரிஞ்சா சிரிப்பாங்க. என் பெஸ்ட் ஃப்ரெண்டுக்கே தெரியாது. போன்ல எங்கயும் அந்தப் பேரு கிடையாது. அப்பாதான் டெய்லி பாக்குறாங்களே, கேளுங்க."

அந்த வயதில் ஒரு பெண் தன் வீட்டுப் பெயரை எவ்வளவு கெட்டியாக ஒளித்துவைப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். ரிசர்வ் வங்கிப் பெட்டகம் அதற்குக் கிட்டே வராது. அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முருகேசனுக்கும் ஒரு நொடி சந்தேகம் தட்டியது. கத்துவதை நிறுத்தினார்.

"அப்போ இந்தப் பேரு எங்கயாவது எழுதியிருக்கா? வீட்டுக்கு வெளிய?" என்று பொதுவாகக் கேட்டேன்.

பதில் சொன்னவன் செல்லப்பா. அதுவும் சந்தோஷமாகச் சொன்னான். "நம்ம சடங்கு வீடியோல இருக்கே மச்சான்."

ஸ்வேதா பெரிய மனுஷி ஆனதற்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தியிருந்தார்கள். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஹால் பிடித்து, தாய்மாமன் சீர் தட்டுகளோடு ஊர்வலம் வந்து, தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் பேனர் கட்டி, குறைவில்லாமல் செய்திருந்தார்கள். பேனரில் பட்டுப் புடவையில் ஸ்வேதா. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு கைகூப்பிய செல்லப்பா. மேலே 'செல்வி இசக்கியம்மாள்' என்று தமிழிலும், இளவட்டங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கிலத்திலும் பெயர். கீழே பட்டறையின் பெயர், இடம், முருகேசனின் போன் நம்பர். ஒரே செலவில் சடங்கும் விளம்பரமும். தெருவில் கட்டிய பேனரை மாநகராட்சி ஆட்கள் வழக்கம்போல அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதே பேனர் முதல் காட்சியாக வரும் வீடியோவை முருகேசன் தன் கணக்கில், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற அமைப்பில், போட்டிருந்தார். அதை அவிழ்க்க மாநகராட்சியில் ஆள் இல்லை.

செல்லப்பா தன் போனில் வீடியோவை எடுத்து எனக்குக் காட்டினான். வேண்டாம் என்று சொல்வதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. புகைக்கு நடுவில் ஸ்வேதா மெதுவாக நடந்து வந்தாள். நிஜ ஸ்வேதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கீழ வாழ்த்து எவ்வளவு வந்துருக்கு பாருங்க டீச்சர்" என்று விரலால் தள்ளிக்கொண்டே போனான். "இது எங்க சித்தப்பா மவன். இது சுனாபட்டில இருக்க நம்ம அக்கா. இது... இது யாரு மச்சான்? 'கங்கிராட்ஸ் மாமா, எந்த ஏரியா இப்ப நீங்க'ன்னு கேட்டுருக்கான். அதுக்கு நீங்க வீட்டு அட்ரஸ் போட்டுருக்கிய. 'பாப்பா எந்த ஸ்கூலு மாமா'ன்னு கேட்டுருக்கான். ஸ்கூல் பேரும் போட்டுருக்கிய. 'மும்பை வந்தா வீட்டுக்கு வாங்க மாப்ள, சாப்பிட்டுத்தான் போணும்'..."

அதோடு அவன் விரல் நின்றது. அந்த ஆளின் கணக்கில் இருந்த பொம்மைப் படமும், ஸ்வேதாவுக்குச் செய்தி அனுப்பிய கணக்கில் இருந்த பொம்மைப் படமும் ஒன்று.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கை நீட்டி நிறுத்தினேன்.

முருகேசன் இப்போது உட்கார்ந்தார்.

"சொந்தக்காரன்னு நெனச்சேன்" என்றார். யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். "மாமான்னு கூப்ட்டான். அக்கா வகையில, தங்கச்சி வகையில எத்தனையோ பயலுவ இருக்கானுவ. எல்லாரையும் எனக்கு முகம் தெரியுமா? முறைக்காரனப் பாத்து நீ யாருலேன்னு கேக்க முடியுமா? பம்பாய்க்குப் போனதும் மாமாவுக்குக் கண்ணு தெரியலன்னு ஊர்ல போய்ச் சொல்லமாட்டானுவளா?"

சிரிக்காதீர்கள். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. பெற்ற மகளின் போனுக்கு லாக், பாஸ்வேர்டு, ஒன்பது மணிக் கணக்கு. முன்பின் தெரியாதவனுக்கு 'மாமா' என்ற ஒரு சொல் போதும், ஆதார் அட்டைகூடக் கேட்கவில்லை. மேலே வரிசையாகப் பத்துப் பேர் 'மாமா' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பதினோராவதாக இவனும் எழுதிவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்ய ஒரு மனிதருக்கு மரியாதை தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவனிடம் நீ யார் என்று கேட்பது நம்மவர்களுக்கு எச்சில் கையால் பரிமாறுவதுபோல. நம் ஸ்லைடுகளைத் தயாரித்தவர்களுக்கு இது தெரியாது. 'முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். முருகேசன் முன்பின் தெரியாதவனிடம் பேசவில்லை. மாப்பிள்ளையிடம் பேசினார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் விழித்திருக்க வேண்டும். இந்த நிமிடத்தில் உங்கள் கையில் ஒரு சாட்டை இருக்கும். 'பார்த்தீர்களா, தப்பு உங்களுடையது' என்று சொல்வது அவ்வளவு இனிப்பாக இருக்கும். சொல்லிப் பாருங்கள், வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வண்டியில் இருப்பாள். மகள் முன்னால், மச்சினன் முன்னால் தலைகுனிந்த தகப்பன் நிமிர்வதற்கு ஒரு வழிதான் பாக்கி வைத்திருப்பான், இன்னும் பெரிதாகக் கோபப்படுவது. முருகேசன் அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு தெரிந்தது.

"இப்ப என்ன, நான்தான் பிள்ளையக் காட்டிக் குடுத்தேன்னு சொல்லுதியளா?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"சரி, தப்பு எப்படியோ நடந்து போச்சு. அட்ரஸ் அவன் கைல இருக்கு. இனி இங்க வச்சிருக்கதுதான் ஆபத்து. இப்பவும் ஊருக்கு அனுப்புததுதான் சரி."

பார்த்தீர்களா? காரணம் தலைகீழாக மாறிவிட்டது. தீர்ப்பு மட்டும் அதே இடத்தில் இருந்தது. இதை மறுத்து நான் என்ன சொன்னாலும் அது வாதமாகத்தான் போகும், பட்டறை நடத்துகிற மனிதரோடு பேரம் பேசி நான் எங்கே ஜெயிப்பது. அதனால் அவரை விட்டுவிட்டு ஸ்வேதாவைக் கேட்டேன்.

"ஊருக்குப் போனா அங்கயும் போன் இருக்கும். அங்கயும் எவனாவது இப்படி எழுதினா யாருகிட்ட சொல்லுவே?"

அவள் யோசிக்கவே இல்லை. "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம்."

"ஏம்மா?"

"இப்ப சொன்னதுனாலதானே அனுப்புறாங்க. சொல்லாம இருந்திருந்தா போர்டு எக்ஸாம் எழுதிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. கணக்கில் கெட்டி என்று சொன்னேனே, அந்தக் குரலில் விடையைச் சொன்னாள். ஒரு பிள்ளை நம் கண் முன்னாலேயே பெரியவர்களைக் கைகழுவுவதை இந்த வேலையில் ஒன்றிரண்டு முறைதான் நேராகப் பார்க்கக் கிடைக்கும். பெரும்பாலும் அது நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்.

முருகேசன் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. செல்லப்பா ஜன்னலுக்கு வெளியே கவனமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவர் என்னிடம் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். பேசினால் கெட்டுவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நான் வாங்கிய சம்பளத்துக்கு உருப்படியாக வேலை செய்தது அந்தச் சில நிமிடங்கள்தான் என்று தோன்றுகிறது.

"போலீஸ்ல சொன்னா பிடிப்பானுவளா?" என்று கேட்டார் கடைசியில்.

"பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். போலிக் கணக்கை எடுக்க வைக்கலாம். எழுதிக் குடுத்தாதான் எதுவுமே."

"நீங்களும் வாரியளா?"

எல்.சி.யைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. செய்திகளையும் அந்தப் பின்னூட்டங்களையும் ஒன்று விடாமல் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகு, வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்குப் போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். ஸ்வேதாதான் வாங்கி எடுத்தாள். மகளின் போனைத் தினமும் சோதித்த மனிதரின் போன் முதல் தடவையாக மகள் கையில் இருந்தது. அவள் இன்னும் இரண்டு மூன்று இடங்களைத் தட்டி, யார் யாருக்குத் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என்ன செய்தாய் என்று அவர் கேட்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கே எல்லோருக்கும் முதலில் தரப்படும் சிகிச்சை அதுதான். நிறைய நேரம் ஆயிற்று. நடுவில் முருகேசன் தன் போனை மறுபடியும் ஸ்வேதாவிடம் நீட்டினார்.

"அந்த வெள்ளிக்கிழம டிக்கெட்ட கேன்சல் பண்ணுட்டி. எனக்கு அது எப்படின்னு தெரியல."

"என் டிக்கெட்டுமா மச்சான்?" என்றான் செல்லப்பா. அவன் ஊருக்குப் போய் ரொம்ப நாளாயிற்று போலிருக்கிறது.

"நீ போய்ட்டு வா. போய் மாமான்னு கூப்புடுதவனையெல்லாம் யாரு எவருன்னு கேட்டுட்டு வா" என்றார் முருகேசன். அன்று முழுக்க அவர் சொன்ன ஒரே வேடிக்கை. ஸ்வேதா சிரிக்கவில்லை. அதற்குள் தன் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்திருந்தாள்.

பிறகு ஒரு பெண் போலீஸ் எங்களைக் கூப்பிட்டு, நடந்ததைக் கேட்டுவிட்டு, வெள்ளைத் தாளை மேஜைமேல் வைத்து மராத்தியில் எழுதித் தரச் சொன்னார். முருகேசனுக்கு மராத்தி பேச வரும், எழுதப் படிக்க வராது. நான் பேனாவை எடுப்பதற்குள் ஸ்வேதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கேட்டுக் கேட்டு எழுதினாள். அந்தப் பெண் போலீஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, வீடியோவைப் பொதுவில் போட்டது யார், முகவரியைக் கொடுத்தது யார் என்று கேட்டார்.

ஸ்வேதாவின் பேனா நின்றது.

"மைனே டாலா, மேடம்" என்றார் முருகேசன், ஹிந்தியில். "அட்ரஸ் பீ மைனே தியா." பிறகு மகளிடம் தமிழில் சொன்னார். "எங்க அப்பாதான் போட்டார்னு எழுதுட்டி. அட்ரஸயும் அப்பாதான் குடுத்தார்னு எழுது. பிள்ள மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுது."

பெண் போலீஸுக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. அவருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். ஸ்வேதா தாளின்மேல் குனிந்து, முன்பைவிட மெதுவாக எழுதினாள். நான் பக்கத்தில் நின்றிருந்ததால் எழுத எழுதவே தெரிந்தது. 'வீட்டில் எல்லோரும் சேர்ந்து, ஏமாற்றுக்காரன் என்று தெரியாமல், உறவினர் என்று நம்பி' என்று எழுதியிருந்தாள். அப்பா என்ற சொல்லை எங்குமே எழுதவில்லை.

"எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன்ப்பா."

"நான் சொன்ன மாதிரியே?"

"நீங்க சொன்னதத்தான்."

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "டீச்சர், நீங்க மராத்தி வாசிப்பியள்லா. சரியா எழுதியிருக்காளான்னு பாருங்க."

ஸ்வேதா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாக வாசித்தேன்.

"நீங்க சொன்னபடியேதான் இருக்கு" என்றேன்.